அம்மாயிக்கு ஏற்ற பராமரிப்பு இல்லத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கினிகத்தேனை சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களுக்கான வழிகாட்டி, ஒன்பது படிகளில்

மறதிநோய் வந்த பெரியவருக்கு நல்ல இல்லம் தேடுவது எப்படி என்று உலகம் முழுக்க எழுதிக் குவித்திருக்கிறார்கள். குறைந்தது மூன்று இல்லங்களையாவது நேரில் பாருங்கள், ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் போய் நில்லுங்கள், மதியச் சாப்பாட்டை ருசி பாருங்கள், எத்தனை பேருக்கு ஒரு தாதி என்று கேளுங்கள், தோட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள். எல்லாமே நல்ல யோசனைகள். கடைசி யோசனையில் நமக்கு முழுப் புள்ளி: தோட்டம் இருக்கிறது, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் இருக்கிறது. மற்றவை இல்லாத குறைக்குத்தான் இந்த வழிகாட்டி.

கினிகத்தேனை டவுனில் நின்றால் ஒரு பக்கம் ஹட்டன் ரோடு, ஒரு பக்கம் கித்துல்கலை வழியாகக் கொழும்பு ரோடு, இன்னொரு பக்கம் நாவலப்பிட்டி ரோடு. எதில் இறங்கி நடந்தாலும் நகை அடகு பிடிக்கிற இடம் அகப்படும், லொத்தர் சீட்டு அகப்படும். மறதிநோய்க்காரருக்கென்று ஒரு இல்லம் அகப்படாது. ஆகவே இங்கே தேர்ந்தெடுப்பது என்பது கொஞ்சம் வேறு மாதிரியான வேலை. பொறுமையாகப் படித்து வாருங்கள்.

படி 1: நோயே இல்லை என்று முடிவு செய்யுங்கள்

அம்மாயி ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டு மறந்துவிட்டாரா? வயசாயிருச்சி. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் "எனக்கு யாரும் சோறு போடல" என்கிறாரா? வயசாயிருச்சி, அதோடு மருமகளைப் பிடிக்கவில்லை. மகனைப் பார்த்து, செத்துப்போன தம்பியின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரா? இது வயசில்லை, யாரோ என்னவோ வைத்துவிட்டார்கள். கயிறு கட்டுங்கள், எலுமிச்சம்பழம் வெட்டுங்கள், ஒரு சேவலுக்குச் சொல்லி வையுங்கள். இந்தக் கட்டத்தில் ஒன்றிரண்டு தீபாவளி கழிந்துவிடும். உறவினர் அனைவரும் ஒற்றுமையாக இருக்கும் ஒரே கட்டமும் இதுதான்.

இதைச் சுருக்க விரும்பும் அவசரக்காரர்களுக்குச் சில தகவல்கள். அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த நோயை எடுத்துச் சொன்னது 1906-இல். கொழும்புக்கு வடக்கே ராகமையில் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வொன்று, 65 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 4 பேருக்கு மறதிநோய் இருந்ததாகச் சொல்கிறது. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் கவனித்தால் பாதிக்குக் கொஞ்சம் குறைவான நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. சின்ன வயதில் படிப்பு இல்லாமை, காது கேளாமை, பார்வைக் குறைவு, பிரஷர், சீனி, குடி, புகை, தலையில் அடி, மனச்சோர்வு, தனிமை என்று போகிறது பட்டியல். படித்தால், தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து எழுதினார்களோ என்று தோன்றும்.

இன்னொன்று. மறதியெல்லாம் மறதிநோய் அல்ல. தைரொயிட் குறைந்தாலும், பி12 விட்டமின் குறைந்தாலும், மனச்சோர்வு வந்தாலும், காதில் குறும்பி அடைத்தாலும் ஆள் மறதிக்காரர் மாதிரியே இருப்பார். நேற்று வரை நன்றாக இருந்தவர் ஒரே நாளில் தடுமாறினால் சிறுநீரில் கிருமி இருக்கலாம், சீனி இறங்கியிருக்கலாம், கானில் வழுக்கி விழுந்து தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். தூக்கம் வரவைக்கிற சளிக் குளிசையே சில பெரியவர்களைக் குழப்பிவிடும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். சேவலை நேர்ந்துவிடுவதற்கு முன்னால் ஓர் இரத்தப் பரிசோதனை செய்தால், சேவலாவது பிழைக்கும்.

படி 2: வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கே தலைவலிக்கும் முழங்கால் வலிக்கும் மறதிக்கும் ஒரே வெள்ளைக் குளிசை கிடைக்கும். அடுத்தது கினிகத்தேனை அரசாங்க வைத்தியசாலை. அங்கிருந்து துண்டு எழுதி நாவலப்பிட்டிக்கோ டிக்கோயாவுக்கோ அனுப்புவார்கள். டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையின் புதுக் கட்டடம் 150 கட்டில்களோடு இந்திய உதவியில் கட்டப்பட்டது, 2017 மே மாதம் இந்தியப் பிரதமரே வந்து திறந்தார். நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் கண்டிக்குத்தான். வைத்தியம் இலவசம். பஸ், ஆட்டோ, இரண்டு பேருக்கு மத்தியானச் சாப்பாடு, ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், ஆகியவை இலவசத்தில் சேராது.

மறதிநோயை மனநல கிளினிக்கிலும் பார்ப்பார்கள் என்பதை வீட்டில் மெதுவாகச் சொல்லுங்கள். சொன்ன மாலையே "கெழவிய அங்கொடைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்களாம்" என்ற செய்தி கீழ் லயத்து வரிசை வீடுகளைச் சுற்றிவிட்டு மேல் லயத்துக்கு ஏறிவிடும். கிளினிக் கொப்பியில் நாள் போட்டுக் கொடுத்திருப்பதைக் காட்டுங்கள். கொப்பிக்கு ஒரு மரியாதை உண்டு.

மருந்தைப் பற்றி அதிகம் கனவு காண வேண்டாம். டொனெபெசில், மெமன்டின் போன்றவை சிலருக்குச் சில காலம் கைகொடுக்கும், நோயை அடியோடு எடுக்காது. "டாக்டர் ஊசி போட்டா சரியாயிரும்" என்று சொல்கிற சின்ன மகனுக்கு இதைப் புரியவைக்கும் பொறுப்பு, கூட்டிப்போனவருடையது.

படி 3: நினைவுச் சோதனையில் தேறுங்கள்

உலகத்தில் அதிகம் புழங்கும் சோதனை 1975-இல் அமெரிக்காவில் உருவாக்கியது, 30 புள்ளிக்கு. அதை நம் பக்கத்துப் பெரியவரிடம் நடத்தும்போது சில சிக்கல்கள் வரும். தயாராகப் போங்கள்.

"இப்ப என்ன பருவம்?" "மழ." இதற்குப் புள்ளி கொடுத்தே ஆக வேண்டும். வட்டவளைக்குப் பக்கத்து ஊரில் எந்த மாதம் கேட்டாலும் இந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

"இன்னைக்கு என்ன தேதி?" தோட்டத்தில் ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு தேதிதான், சம்பளத் தேதி. மற்ற நாளெல்லாம் கிழமைக் கணக்கு. ஓய்வு பெற்ற பிறகு அந்த ஒரு தேதியும் போய்விட்டது. புள்ளி கழிப்பது டாக்டரின் மனச்சாட்சியைப் பொறுத்தது.

"அம்மா, நீங்க எந்த நாட்டுல இருக்கீங்க?"

"எழுதிப் போட்டிருக்கோம் தம்பி. இன்னும் பதில் வரல."

சோதனைத் தாளில் இதற்குப் பூச்சியம். ஆனால் இதே கேள்வியை 1948-இல் கொழும்பில் நாடாளுமன்றம் கூடிக் கேட்டது, பதிலாக இந்த அம்மாவின் அப்பனுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் போட்டது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, உனக்கு ஐந்தேகால் இலட்சம், எனக்கு மூன்று இலட்சம் என்று ஆட்களைப் பிரித்தார்கள், மிச்சத்தை 1974-இல் பிரித்தார்கள். கடைசி மிச்சத்துக்கும் பதில் சொல்ல 2003-இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. இரண்டு அரசாங்கங்கள் 55 ஆண்டு தடுமாறிய கேள்விக்கு, எழுபத்தெட்டு வயது அம்மா பத்து விநாடியில் பதில் சொல்ல வேண்டும் என்பது கொஞ்சம் அதிகம்.

"100-லேருந்து 7-ஐக் கழிச்சிக்கிட்டே வாங்க." இந்த இடத்தில் டாக்டர்தான் ஆச்சரியப்படுவார். கூடைக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று மூன்று நேரமும் நிறுவையில் கழித்ததை, கணக்கப்பிள்ளை எழுதுவதற்கு முன்னாலேயே வாயால் கழித்துப் பார்த்து ஒரு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவர் அம்மாயி. 93, 86, 79 என்று இறங்கிக்கொண்டே வந்து, "எதுக்கு இவ்வளவு வெட்டுறீங்க?" என்று கேட்டாலும் கேட்பார். அதற்கும் புள்ளி உண்டா என்று விசாரியுங்கள்.

"ஒரு வசனம் எழுதுங்க. இந்தப் படத்தப் பாத்து வரைங்க." பள்ளிக்கூடப் படியேறாதவருக்கு இது மறதிச் சோதனை ஆகாது. அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எத்தனையாம் வகுப்பு படித்தார், என்ன வேலை செய்தார், போன வருஷம் தனியாகச் செய்த எந்தக் காரியத்தை இந்த வருஷம் செய்ய முடியவில்லை. ஐந்து பேருக்கு உலை வைத்தவருக்கு இப்போது அரிசி அளவு தெரியவில்லை, டவுனில் மீதிக் காசை எண்ணி வாங்கியவர் இப்போது கையை மட்டும் நீட்டுகிறார் என்பது போல. நல்ல டாக்டர்கள் தாளைவிட இதைத்தான் கூர்ந்து கேட்பார்கள்.

படி 4: இல்லங்களை ஒப்பிடுங்கள்

நெதர்லாந்து. அம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் வேஸ்ப் என்ற ஊரில் ஹோகவெய்க் என்றொரு கிராமத்தை 2009-இல் திறந்தார்கள். முழுக் கிராமமும் மறதிநோய்க்காரருக்கே. கடை, சாப்பாட்டுக் கடை, அரங்கம், தெரு, மரத்தடி எல்லாம் உண்டு. கடையில் நிற்பவரும் முடி வெட்டுபவரும் பராமரிப்பில் பயிற்சி பெற்றவர்கள். பெரியவர்கள் இஷ்டத்துக்கு உலாத்தலாம், வெளியே போகும் வழி ஒன்றுதான், அங்கே ஆள் இருக்கும். நிறைகள்: எல்லாம். குறை: கினிகத்தேனையிலிருந்து நேரடி பஸ் இல்லை.

கொழும்பு. மருதானைப் பக்கம் லங்கா அல்சைமர் அறநிலையம் இருக்கிறது. நினைவுச் சோதனை, நோயாளிகளுக்குப் பகல் நேர நிகழ்ச்சிகள், வீட்டுக்காரருக்கு ஆலோசனை என்று நல்ல வேலை செய்கிறார்கள். காலையில் விட்டு மாலையில் அழைத்துவரும் வசதிதான், ஆனால் நமக்குப் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். அம்மாயி பஸ்ஸிலேயே பகல் பராமரிப்பைப் பெற்றுவிடுவார். காசு கட்டித் தங்கவைக்கும் தனியார் இல்லங்களும் கொழும்புப் பக்கம் உண்டு. விலை கேட்கத் தொலைபேசி எடுப்பவர் உட்கார்ந்துகொண்டு கேட்கவும்.

தர்ம முதியோர் இல்லம். காசு வேண்டாம், மனசு நல்ல மனசு. ஆனால் பல இல்லங்களில் சேர்க்கும்போதே ஒரு நிபந்தனை: தன் வேலையைத் தானே பார்ப்பவராக இருக்க வேண்டும், இரவில் எழுந்து நடமாடக் கூடாது, புத்தி தெளிவாக இருக்க வேண்டும். அதாவது இல்லம் தேவைப்படாதவராக இருக்க வேண்டும். இன்னொரு தடையும் உண்டு. கடையில் சாமான் வாங்கப் பழகிய சிங்களம் மறதிநோயில் பலருக்கு முதலில் நழுவும், தாய்மொழி கூடுதல் காலம் நிற்கும். தண்ணீர் கேட்டால் விளங்காத இடத்தில் அம்மாயியை விட்டுவிட்டு வந்தால், அவர் கேட்பதை நிறுத்திவிடுவார். அமைதியாக இருக்கிறார் என்று கொப்பியில் எழுதுவார்கள்.

நம்ம லயம். கொஞ்சம் நியாயமாகப் பார்த்தால் ஹோகவெய்க்கின் பாதி வசதி இங்கே இருக்கிறது. பத்துக் காம்பராவும் ஒரே வரிசை, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அம்மாயி இஸ்தோப்பைத் தாண்டிக் கால் வைத்தால் அடுத்த காம்பராவிலிருந்து "எங்க பெரியம்மா கெளம்பிட்டீங்க?" என்று குரல் வரும். தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் எழும்பாத லயமாக இருந்தால், இருபத்துநாலு மணி நேரக் கண்காணிப்பும் இலவசம். மறுபாதியில் வழுக்குப் படிக்கட்டு, திறந்த கான், வெளியே இருக்கும் கக்கூஸ், விறகடுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, காலை ஏழு மணிக்குப் பிறகு லயத்தில் திடகாத்திரமான ஆள் ஒருவரும் இருக்க மாட்டார். ஹோகவெய்க்கில் ஊழியர்கள் வேலைக்கு வரும் நேரத்தில், இங்கே எல்லாரும் வேலைக்குப் போகிறார்கள்.

படி 5: கணக்குப் போடுங்கள்

வாழ்த்துகள், லயத்தையே தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். இனி செலவு. 2024 செப்டம்பரில் அறிவித்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதற்குப் பிறகு ஏறியதை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள், வாக்குறுதியில் ஏறியதைக் கூட்ட வேண்டாம். மாதத்துக்கு 25 பேர் விழுந்தால் 33,750 ரூபாய். அம்மாயியைப் பார்க்க ஒருத்தி வீட்டில் நின்றால் இது போய்விடும். கூடவே தோட்டம் அவளுக்காகக் கட்டும் ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதம், நம்பிக்கை நிதி 3 சதவீதம், ஆக மாதம் 5,062 ரூபாய் 50 சதம் சேராமல் போகும்.

வரவுப் பக்கம் பார்ப்போம். 70 வயது தாண்டிய, வருமானம் குறைந்த பெரியவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் முதியோர் கொடுப்பனவு 2025-இல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. அம்மாயி அந்தப் பட்டியலில் ஏறியிருந்தால், சேமலாபத்திலும் நம்பிக்கை நிதியிலும் போனதை ஈடுகட்ட இன்னும் 62 ரூபாய் 50 சதம்தான் குறை. 33,750 ரூபாய் அப்படியே நிற்கும். அதைப் பற்றி யாரும் கேட்காவிட்டால் நீங்களும் பேச வேண்டாம்.

அம்மாயியின் சேமலாபப் பணம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். பெண்களுக்கு 50 வயதிலேயே அதை எடுக்கலாம். மூத்தவள் கல்யாணம், சின்னவன் வெளிநாட்டு ஏஜென்சி, கூரைத் தகரம். நினைவு நன்றாக இருந்த காலத்திலேயே அது செலவாகிவிட்டது.

படி 6: பராமரிப்பாளரைத் தேர்ந்தெடுங்கள்

இப்போதுதான் உண்மையான தேர்வு. மற்ற நாடுகளில் இல்லத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், இங்கே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடும்பக் கூட்டம் போடுங்கள். கட்டாரில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் வருவார். "அம்மாவ நல்லாப் பாத்துக்கணும்" என்று அழுத்திச் சொல்வார், சொன்னதும் சிக்னல் போய்விடும். கொழும்பில் கடையில் நிற்கும் மகன், முதலாளி லீவு தரமாட்டார் என்பார். தோட்டத்தில் இருக்கும் மகன், நான் ஆம்பளை, அம்மாவைக் குளிப்பாட்ட முடியுமா என்பார். மூன்றுமே ஏற்றுக்கொள்ளத்தக்க காரணங்கள் என்று கூட்டம் ஏகமனதாக முடிவு செய்யும். அந்த நேரத்தில் தேத்தண்ணி ஊற்றுவதற்காக உள்ளே போயிருந்த மருமகள் தெரிவாவார்.

மகள்கள் இருந்தால்? ஒருத்தி கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் தங்கி வேலை செய்கிறாள். அங்கே அவளுடைய வேலை, மறதிநோய் வந்த ஒரு பாட்டியம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் கூடவே படுப்பது. மலையகத்தில் மறதிநோய்ப் பராமரிப்பு தெரிந்த ஆள் இல்லையென்று யாரும் சொல்லக் கூடாது. இருக்கிறார்கள், எல்லாரும் கொழும்பிலும் குவைத்திலும் இருக்கிறார்கள்.

சட்டம் தெரிந்த ஒருவர், 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தை எடுத்துப் போடக்கூடும். பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்கிறது அது. தன்னைப் பராமரிக்க வழியில்லாத பெற்றோர், அதற்கான சபையில் முறையிட்டுப் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்கலாம். நல்ல சட்டம். அதில் மருமகள் என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே மருமகளின் முதல் மாதம் முடிந்துவிடும்.

ஒரு நிபந்தனையையாவது கூட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: மாதத்தில் இரண்டு ஞாயிறு மகன்மார் பொறுப்பு, கட்டார் காசில் ஒரு பங்கு பார்த்துக்கொள்பவளின் கைக்கு. தாதிக்கும் ஓய்வு நாள் உண்டு என்பதை எல்லா நாட்டு வழிகாட்டிகளும் ஒப்புக்கொள்கின்றன.

படி 7: காம்பராவைத் தயார் செய்யுங்கள்

விடியற்காலை ஐந்தரை. அம்மாயி இடுப்பில் சாக்கைச் சுற்றி, தலைக் கயிற்றைத் தேடிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"அம்மாயி, எங்க போறீங்க?"

"பெரட்டுக்கு நேரமாச்சி. பிந்திப் போனா அரப்பேரு போட்ருவான்."

பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசை. இந்த இடத்தில் செய்யக்கூடாதது, "நீங்க பென்சன் வாங்கி இருபது வருஷமாச்சி" என்று விளக்கம் சொல்வது. சொன்னால் அவருக்கு வேலை போன செய்தியை ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்கிறீர்கள். செய்ய வேண்டியது, "இன்னைக்கு மழ, பெரட்டு பிந்தும்னு சொல்லிட்டாங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பது. கினிகத்தேனையில் இதைச் சொல்வது பொய்யாகவும் இருக்காது. தேத்தண்ணி முடிவதற்குள் பெரட்டு மறந்திருக்கும். மறக்காவிட்டால் கூடவே பிள்ளையார் கோயில் வரைக்கும் நடந்து திரும்புங்கள்.

ஜெர்மனியில் டுசல்டோர்ஃப் நகரத்து முதியோர் இல்லமொன்றின் வாசலில், பஸ்ஸே வராத பஸ் நிறுத்தம் ஒன்றை அமைத்தார்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்புகிற பெரியவர்கள் அங்கே உட்கார்ந்து காத்திருப்பார்கள், மனம் அடங்கியதும் தாதி வந்து உள்ளே கூட்டிப் போவார். நமக்கு அந்தச் செலவு தேவையில்லை. தோட்டத்து ரோட்டில் எந்த நிறுத்தத்தில் உட்கார்ந்தாலும் போதும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கைக்கு வேலை கொடுங்கள்: பீன்ஸ் நாரெடுக்க, அரிசியில் கல் பொறுக்க, ஒரு கூடை இலையைப் பிரித்துப் போட. புத்தி மறந்ததைக் கை மறப்பதில்லை, அவர் கிள்ளுவது இன்னமும் இரண்டு இலை ஒரு மொட்டாகவே இருக்கும். அந்தியில் குழப்பம் கூடும், இருட்டுமுன்பே லைட்டைப் போடுங்கள். கக்கூசுக்குப் போகும் வழியில் கையில் பிடிக்க ஒரு கம்பியும் ஒரு பல்பும் போடுங்கள், அல்லது இரவுக்கு உள்ளேயே ஒரு வாளி வையுங்கள். கானுக்கு மேலே பலகை அடியுங்கள். அடுப்புப் பக்கம் தனியாக விடாதீர்கள். பேரும் தொலைபேசி இலக்கமும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி உடுப்பின் உள்பக்கத்தில் தையுங்கள். டவுன் ஆட்டோ ஸ்டாண்டிலும் மருந்துக்கடையிலும் படத்தைக் காட்டிச் சொல்லி வையுங்கள், பனிமூட்டம் மலையை மூடினால் பத்தடியில் நிற்கும் ஆளும் தெரியாது. காதில் குறும்பி, கண்ணில் புரை இரண்டையும் பார்த்துவிடுங்கள். காதும் கண்ணும் வேலை செய்தால் குழப்பம் பாதி குறையும் வீடுகளும் உண்டு.

படி 8: பார்க்க வருகிறவர்களைச் சமாளியுங்கள்

ஆப்பிளும் பிஸ்கட் பக்கற்றும் கொண்டு வருவார்கள். இஸ்தோப்பில் உட்கார்ந்த உடனே சோதனை ஆரம்பமாகும். "பெரியம்மா, என்னத் தெரியுதா? யாரு சொல்லுங்க பாப்போம்." டாக்டராவது 30 புள்ளியோடு நிறுத்திக்கொண்டார். இவர்கள் தங்கள் பெண்டாட்டி, பிள்ளை, கூட வந்த ஆட்டோக்காரர் வரைக்கும் கேட்டுவிட்டு, "பாவம், ஒண்ணும் தெரியல" என்று அம்மாயி காதுபடச் சொல்லிவிட்டு எழும்புவார்கள்.

வாசலிலேயே இப்படிச் சொல்லி அனுப்புங்கள்: "உள்ள போனதும் பேரச் சொல்லிக் கும்புடுங்க. கேள்வி கேக்காதீங்க. பழைய கங்காணி எவனாவது ஒருத்தன் பேரச் சொல்லித் திட்டுங்க, மிச்சத்த அவங்க பேசுவாங்க." இந்த முறையில் ஒரு மணி நேரம் சுவாரஸ்யமாகப் போகும்.

படி 9: இல்லாததைத் தேர்ந்தெடுங்கள்

அநேகமாக எல்லாத் தோட்டத்திலும் பிள்ளைக்காம்பரா உண்டு. வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்தே உண்டு. துரைக்குக் கைக்குழந்தைகள் மேல் அவ்வளவு பாசமா? கொழுந்து முற்றிவிடும், தாய்க்காரி மலைக்கு வந்தாக வேண்டும், அதனால் பிள்ளையைப் பார்க்க ஓர் அறையும் ஓர் ஆயம்மாவும் வந்தார்கள். கணக்கு சரியாக இருந்ததால் காரியம் நடந்தது. இப்போது அதே கணக்கு மறுபடி வந்திருக்கிறது. பிறப்பு குறைந்துவிட்டது, சில பிள்ளைக்காம்பராவில் பாய்கள் சுருட்டி வைத்தபடி கிடக்கின்றன. கிழடுகள் கூடிவிட்டார்கள். கொழுந்துக்கு ஆளில்லை என்று தோட்டம் புலம்புகிறது, கொழுந்தெடுக்கும் ஆள் மாமியாரைப் பார்த்துக்கொண்டு லயத்தில் நிற்கிறாள். அறை இருக்கிறது, ஆயம்மாவுக்கு அனுபவம் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுத வேண்டியதுதான் பாக்கி. வசதிக்காக மாதிரி கீழே.

"முகாமையாளர் அவர்களுக்கு. எமது தோட்டத்தில் மறதிநோயாலும் முதுமையாலும் தனியே விட முடியாத பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வேண்டி ...... பெண் தொழிலாளர்கள் வேலைக்கு வராமல் நிற்பதால், மாதம் ...... கிலோ கொழுந்து மலையிலேயே முற்றிப் போகிறது. எனவே பிள்ளைக்காம்பராவை ஒட்டிய ஓர் அறையைப் பெரியவர் காம்பராவாக ஒதுக்கி, காலைப் பெரட்டு தொடக்கம் மாலை நிறுவை வரை ஓர் ஆயம்மாவை நியமித்து, அவருக்கு மறதிநோய்ப் பராமரிப்பில் பயிற்சி கொடுத்து, மாதம் ஒரு முறை சுகாதார வைத்திய அதிகாரி வந்து பார்க்க ஏற்பாடு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கவனிக்க: பாசம், கண்ணீர், தாய்மை, 200 வருட உழைப்பு ஆகியவற்றை இதில் சேர்க்க வேண்டாம். அவை மேடைக்கு. கிலோவை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பிரதிகள்: பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், அம்பகமுவ பிரதேச செயலாளர், முதியோருக்கான தேசிய செயலகம், தொழிற்சங்கங்கள். சங்கங்களுக்கு ஒரே நாளில், ஒரே நேரத்தில் கொடுக்கவும். ஒரு சங்கத்துக்கு முதலில் கொடுத்தால் மற்றச் சங்கம் மறதிநோயையே எதிர்க்கும்.

எழுத்து மறந்த பெரியவர்கள் இருந்தால் கைநாட்டு வாங்குங்கள். கைநாட்டை நம்பி அவர்களிடம் காலமெல்லாம் வேலை வாங்கிய இடம்தான், இப்போது செல்லாது என்று சொல்ல மாட்டார்கள்.